கயிறும் தொழில்தான்

எனக்கு எழுபத்தொன்பது வயதாம். ஆதார் அட்டையில் அறுபத்தாறு என்று இருக்கிறது; என்னைப் பெற்றவர்கள் சொன்ன கணக்கும் அதுதான். ஆனால் காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தின் எந்திரம், என் ரத்தத்தைக் கொஞ்சம் வாங்கிப் பார்த்துவிட்டு, 'உங்கள் செல் வயது 79' என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்துக் கொடுத்துவிட்டது.

அங்கே வேலை பார்க்கும் நித்யா முன்பு எங்கள் மருத்துவமனையில் என்னோடு வேலை பார்த்தவள். "மேடம், உங்களுக்கு ஃப்ரீயா பாத்துத் தர்றோம், வாங்க" என்று ஆசையாகக் கூப்பிட்டாள். அன்று காலை வீட்டுக்காரரைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, படுக்கை விரிப்பு மாற்றி, சட்டை மாட்டிவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன். வெறும் வயிறுதான். காலமெல்லாம் ஊருக்கு உபதேசம் செய்தவள் நான் மட்டும் தின்றுவிட்டா போவேன்? நித்யா வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். சர்க்கரை உண்டா, இல்லை. பிரஷர் மாத்திரை, உண்டு. "வேலைக்குப் போறீங்களா மேடம்?" என்றாள். "என்னா கிண்டலா? ரிட்டயர்டுன்னு போடு" என்றேன்.

முடிவு வந்த அன்றே சென்னையிலிருந்து மகன் சரவணன் போன் செய்தான். அவன் எண்ணுக்கும் ஒரு நகல் போயிருக்கிறது. "அம்மா, இதுக்கு மேல ஒங்களால முடியாது. அப்பாவ ஒரு நல்ல இல்லமாப் பாத்து சேத்துடுவோம். நர்ஸ் இருப்பாங்க, எல்லா வசதியும் இருக்கு. நீங்க கீழ விழுந்தா ரெண்டு பேரையும் யாரு பாக்கறது?"

என் வீட்டுக்காரர் கலியபெருமாள் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. பேச்சு குழறும், ஆனால் என் குழம்பில் புளி தூக்கலாக இருந்தால் மட்டும் தெளிவாகச் சொல்லுவார். அவரை என் வீட்டிலிருந்து வெளியே அனுப்புவதற்கு ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு வருகிறான் நான் பெற்ற பிள்ளை. அதுவும் ரத்தத்திலிருந்து எடுத்த எண். என்னிடமே!

அதே வாரம்தான் லேப் டெக்னீசியன்கள் சங்கத்துக்கு ஒரு மலர் போடுகிறோம், உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று நீங்கள் வந்து நின்றீர்கள். எழுதுகிறேன். ஆனால் வெந்நீரில் ஊசியைக் காய்ச்சிய கதை வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். கோபத்தில் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் நெடுங்காடு பக்கத்து விவசாயக் குடும்பம். அப்பாவுக்கு நான் டீச்சராக வேண்டும். எனக்கோ பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்த நாளிலிருந்து வேறு எதிலும் புத்தி போகவில்லை. புதுச்சேரியில் படித்தேன், திரும்பி வந்து மருத்துவமனை லேபில் சேர்ந்தேன். முதலில் குழாய் கழுவினேன், பிறகு மலமும் மூத்திரமும் பார்த்தேன், அதற்கும் பிறகுதான் ரத்தத்தைத் தொட விட்டார்கள். பயிற்சிக் காலம் என்று சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. ஆசிரியரைக் கட்டிக்கொண்டதால் அப்பாவுக்கும் பாதி மனம் ஆறியது.

எனக்குத் தொழில் என்றால் என்னவென்று தெரிந்தது டாக்டர் வசுமதி வந்த பிறகு. உயிர்வேதியியல் டாக்டர். குட்டையான உருவம், கஞ்சி போட்ட காட்டன் புடவை, மூக்கு நுனியில் கண்ணாடி. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கூட்டுபவரையும் 'நீங்க, வாங்க' என்றுதான் சொல்லுவார். குழாயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார், சாய்ப்பார், திருப்பிக் கொடுப்பார். "திரும்ப எடுங்க." அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால் பதில் வராது. மறுநாள் டீ குடிக்கும்போது, நாம் மறந்தே போன பிறகு, காரணத்தைச் சொல்லுவார். அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவருக்கு வைத்த பெயரே 'திரும்ப எடுங்கம்மா'. பெரிய இடத்து நோயாளி, சின்ன இடத்து நோயாளி என்ற பேதமெல்லாம் அவரிடம் கிடையாது. எல்லோருக்கும் இரண்டாவது குத்து உண்டு. நானும் அவரிடம் சண்டை போட்டிருக்கிறேன், வாரக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அவருக்குப் பிடிக்காதது ஒன்று உண்டென்றால், 'கையை மூடித் திறங்க' என்று நாம் சொல்வது. நரம்பு எழும்ப வேண்டும் என்று கையில் ரப்பர் கட்டு கட்டுகிறோம், நோயாளியைக் கை விரல்களை மடக்கி மடக்கிப் பிசையச் சொல்கிறோம். லாக்டேட் என்ற பொருளை அளக்க எடுக்கும்போது அப்படிச் செய்தால் போச்சு. கட்டின கையில் தசை வேலை செய்தால் அந்த ரத்தத்தில் லாக்டேட் ஏறிவிடும். ஒருநாள் நான் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். "அவர் கையில என்ன வச்சிருக்காரு?" என்றார். ஒன்றுமில்லை மேடம் என்றேன். "அப்பறம் எதுக்கு அந்த மனுஷனைப் பிசைய விடுறீங்க? நாம ஏத்தி விட்டதை அவர் வியாதின்னு எழுதப் போறோமா? திரும்ப எடுங்க. அடுத்த கையில." அதற்குப் பிறகு எந்த நோயாளியும் என்னிடம் கையை மூடியதில்லை.

இனி அந்த ஆராய்ச்சிக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால், ஒரு பெருநகரத்து ஆராய்ச்சி மையம் எங்களைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டது. நோய் எதுவும் இல்லாத முதியவர்களின் ரத்தத்தில் முதுமை எப்படித் தெரிகிறது, நோயாகும் முதுமை எப்படித் தெரிகிறது என்பதுதான் கேள்வி. இதில் மைட்டோகாண்ட்ரியா என்ற சொல் வந்துகொண்டே இருக்கும். பயப்பட வேண்டாம். அது செல்லுக்குள் இருக்கும் அடுப்பு. நாம் தின்பதை எரித்து நமக்கு வேண்டிய சக்தியைத் தருவது அதுதான். அடுப்பு திணறினால் வெளியே புகை வரும். அந்தப் புகையைத்தான் ரத்தத்தில் பிடிக்கப் பார்க்கிறார்கள். லாக்டேட் ஒரு புகை. ஜி.டி.எஃப். பதினைந்து, எஃப்.ஜி.எஃப். இருபத்தொன்று என்று இரண்டு புரதங்கள் வேறு இரண்டு புகை. வயது ஏற ஏற, நோயே இல்லாதவர்களிடமும் இவை கொஞ்சம் ஏறும். இதயமோ சிறுநீரகமோ கெட்டாலும் ஏறும். சில சர்க்கரை மாத்திரையாலும் ஏறும். ஒரு வீட்டுக்கு மேலே புகை தெரிகிறது என்றால் உள்ளே கல்யாணச் சமையல் நடக்கிறதா, கூரை பற்றிக்கொண்டதா என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். என் எழுபத்தொன்பதும் இந்தப் புகையிலிருந்து கணக்குப் போட்ட வயதுதான்.

காரைக்கால் நகரத்திலிருந்து ஒரு கூட்டம் முதியவர்கள், கடற்கரையிலிருந்து ஒரு கூட்டம் என்று எடுத்தோம். நகரத்துக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற குமாஸ்தாக்கள், கடைக்காரர்கள், பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள். பிரெஞ்சுப் படையில் இருந்து வந்தவர்களை இங்கே சொல்தா என்பார்கள். ஒரு சொல்தா மடிப்புக் கலையாத பேன்ட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கி, சொன்ன நேரத்துக்கு வெகு முன்னதாகவே மின்விசிறிக்குக் கீழே கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் ரத்தம் தண்ணீர் மாதிரி அமைதியாக இருந்தது.

கடற்கரைக்குக் கருக்களாச்சேரி மீனவர் கிராமம். ஊர்ப் பஞ்சாயத்தார் சமுதாயக் கூடத்தைத் திறந்துவிட்டார்கள். அந்த ஊர்த் தலைவர் எங்களுக்கு ஒரு யோசனையும் சொன்னார். "வேலைக்குப் போறீங்களான்னு கேட்டா எங்க ஆளுவளுக்குப் புரியாதும்மா. ஆபீசு வேலைன்னு நெனச்சுக்குவானுவ. தொழிலுக்குப் போறீங்களான்னு கேளுங்க. டக்குனு சொல்லிடுவானுவ." நல்ல யோசனை. டாக்டரும் தலையசைத்தார், நானும் அப்படியே கேட்டேன். எல்லோரும் டக்கென்று சொன்னார்கள். "இல்லம்மா, தொழிலுக்குப் போயி வருசமாச்சு." ஓய்வு பெற்றவர் என்று குறித்துக்கொண்டோம்.

முடிவுகள் வந்தபோது கருக்களாச்சேரி மொத்தமும் புகைந்தது. லாக்டேட் ஏறியிருந்தது, அந்த இரண்டு புரதங்களும் ஏறியிருந்தன. ஓய்வில் இருக்கும் முதியவர்களின் ரத்தத்தில் இவ்வளவு திணறலா? மையத்தில் காரணங்கள் தயாராக இருந்தன. கருவாட்டு உப்பு, குடி, பீடி, டீசல் புகை. கடற்கரைக்காரர்கள் சீக்கிரம் கிழடாகிறார்கள் என்று கட்டுரைக்குத் தலைப்புக்கூட யோசித்துவிட்டார்கள். யார் யாருக்கு அதிகமோ அவர்கள் குடும்பத்துக்கு, பெரியவர் உடம்பை அலட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தகவலும் போய்விட்டது.

கொஞ்ச நாளில் சிங்காரவேலு லேபுக்கு வந்தார். எழுபதைத் தாண்டியவர், தோளெல்லாம் கருங்கல். கூடவே அவர் மனைவி செல்லம்மா, வாசலில் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார். இவரும் எங்களுக்கு ரத்தம் கொடுத்தவர்தான்.

"ஆயி, என் ரத்தத்துல என்னா குத்தம் கண்டிய?" என்றார் சிங்காரவேலு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "எம்மவன் கயிறு புடிக்க வுட மாட்டேங்குறான். கரைக்கு வந்தா கையப் புடிச்சு வூட்டுக்கு இழுத்துட்டுப் போறான், சின்னப் புள்ளயாட்டம். ஊரே சிரிக்கிது. இதுக்கு நான் செத்தே போயிருக்கலாம்."

"எந்தக் கயிறுங்கய்யா?"

"கரைவலைக் கயிறுதான். வேற எந்தக் கயிறு?"

"நீங்க தொழிலுக்குப் போறதில்லன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா. போறதில்ல." என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "போட்டுல ஏறி கடலுக்குள்ள போனாத்தான் தொழிலு. கரையில நின்னு கயிறு இழுக்கறது தொழிலா? அது சும்மா. வயசாளிங்க பாக்கறது."

அந்தப் பக்கத்து மேசையில் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த டாக்டர் வசுமதி அதை மெதுவாகக் கீழே வைத்தார். எழுந்து வந்தார். "ஐயா, நாங்க ஊருக்கு வந்து ரத்தம் எடுத்தோமே, அன்னைக்குக் காலையில?"

"அன்னைக்கும் இழுத்துட்டுத்தான் வந்தோம். வெறும் வயித்தோட வரச் சொன்னிய. நாங்க யாரும் பச்சத் தண்ணி தொடல." அவர் குரலில் பெருமை இருந்தது. செல்லம்மா சேர்ந்துகொண்டார். "நானும் கூடைய மார்க்கெட்டுல எறக்கிப்புட்டு நேரா ஒங்ககிட்டதான் வந்தேன். காபிகூட குடிக்கல."

கரைவலை இழுப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. கடலுக்குள் வளைத்துப் போட்ட வலையை, இரண்டு பக்கமும் வரிசையாக நின்று, குதிகாலை மணலில் புதைத்து, முதுகைச் சாய்த்து இழுப்பார்கள். அதை முடித்த கையோடு எங்கள் முன்னால் வந்து கையை நீட்டியிருக்கிறார்கள். நாங்கள் அந்த ரத்தத்தை ஓய்வெடுக்கும் கிழவர்களின் ரத்தம் என்று எழுதியிருக்கிறோம். உழைப்பில் ஏறும் புகை முழுக்க அதில் இருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. கேட்டதற்கு அவர்கள் ஊர்ப் பேச்சில் சரியான பதிலைச் சொன்னார்கள்.

"திரும்ப எடுக்கணும்" என்றார் டாக்டர். இந்த முறை காரணத்துக்கு மறுநாள் வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

மையத்தின் தலைவரோடு அவர் போனில் பேசியபோது நான் அறையில்தான் இருந்தேன். நாள் நெருங்கிவிட்டது, மறுபடியும் எடுக்க முடியாது, கட்டுரையின் கடைசியில் ஒரு வரி போட்டுக்கொள்ளலாம் என்று அந்தப் பக்கம் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தது. டாக்டர் வசுமதி கடைசிவரை குரலை உயர்த்தவில்லை. "கடைசி வரியை யாரு சார் படிப்பா? முதல் வரியைத்தான் பேப்பர்ல போடுவாங்க, கடற்கரைக்காரங்க ரத்தம் கிழட்டு ரத்தம்னு. நாளைக்கு அந்த ஊருக்குள்ள நான் தலை காட்ட வேண்டாமா? என் கையெழுத்து இல்லாம அனுப்பிக்குங்க. அனுப்பின மறுநாளே, ஏன் கையெழுத்துப் போடலைன்னு நான் தனியா எழுதுவேன்." பிறகு, குழாய்களை அனுப்புகிறேன், ஒரே ஒரு தடவைதான் என்று பதில் வந்தது. அப்போது எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும்போல இருந்தது. தட்டியிருந்தால் திரும்ப எடுங்க என்றிருப்பார்.

ஆனால் எடுப்பதற்கு முன்னால் அந்தக் கிழவர்களை இரண்டு நாள் சும்மா இருக்க வைக்க வேண்டுமே! ஊர்த் தலைவரிடம் போனோம். கோயில் திருவிழாவுக்கும் சாவுக்கும் அவர்கள் ஊரில் தொழில் நிறுத்தம் சொல்லுவார்கள். மைக்கில் சொல்லிவிட்டால் ஒரு போட்டும் இறங்காது. அதை எங்களுக்காகச் சொல்ல முடியுமா என்று கேட்டோம். அவர் சிரித்தேவிட்டார்.

"தொழில் நிறுத்தம்னு சொன்னா கடலுக்குப் போற பயலுவ நிப்பானுவம்மா. கெழவனுவ நிக்க மாட்டானுவ. அவனுவதான் தொழிலே பாக்கலியே!"

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அன்று சாயங்காலம் கோயில் ஒலிபெருக்கியில் அந்த ஊர் அதுவரை கேட்டிராத அறிவிப்பு ஒன்று வந்தது. "நாளைக்கும் நாளான்னைக்கும் ஊர்ல தொழில் நிறுத்தம். கரையில நின்னு கயிறு புடிக்கறதும் தொழில்தான். கயிறும் தொழில்தான். டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. யாரும் புடிக்கக் கூடாது."

டாக்டரம்மா அப்படிச் சொல்லவே இல்லை. அவர் மறுத்துப் பேசுவதற்குள் கூட்டத்திலிருந்து செல்லம்மா குரல் கொடுத்தார். "அப்ப மீன் கூடை தூக்கறது? அதையும் சொல்லு!" தலைவர் மைக்கை மூடிக்கொண்டு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தலையசைத்தார். "கூடை தூக்கறதும் தொழில்தான்" என்றது ஒலிபெருக்கி. பெண்கள் பக்கமிருந்து கிளம்பிய சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

எடுத்த அன்று டாக்டர் எங்களைப் படுத்திய பாடு சொல்லி மாளாது. முதியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து அரை மணி நேரமாவது கால் ஆட்டாமல் இருக்க வேண்டும். அவர்களுக்கு அதைவிடக் கயிறு இழுப்பது சுலபம். முதலில் கட்டே கட்டாமல் நரம்பைத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் லேசாகக் கட்டி, ஊசி உள்ளே போனதும் கட்டை அவிழ்த்து, கொஞ்சம் பொறுத்து ரத்தத்தை விட வேண்டும். லாக்டேட்டுக்குச் சாம்பல் மூடிக் குழாய், மற்றதற்கு ஊதா மூடி. மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. உடனே ஐஸ் தண்ணீரில் வைத்து, அங்கேயே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். நாங்கள் கொண்டுபோன ஐஸ் வெயிலில் பாதியாகிவிட்டது. மீன் பெட்டி ஐஸ் வேண்டுமட்டும் தருகிறோம் என்றார்கள். டாக்டர் ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஊரே பார்த்தது. உப்புப் போட்ட ஐஸாக இருந்தால் குளிர் அதிகமாகி ரத்தம் உறைந்து செல் உடைந்துவிடும். "உப்பு இல்லை. மீன் வாசனைதான் இருக்கு. வைங்க" என்றார்.

இந்த முறை வந்த முடிவுகளில் கருக்களாச்சேரியின் புகை அடங்கிப்போயிருந்தது. பெரும்பாலானவர்களுக்கு நகரத்துக் குமாஸ்தாக்கள் அளவுதான். சிலருக்கு அதைவிடக் குறைவு. செல்லம்மாவின் லாக்டேட் குறைவில் சொல்தாவையே முந்திவிட்டது. நான் லேபிலேயே எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஒருவர் முடிவு மட்டும் இடித்தது. சிங்காரவேலுவுக்கு லாக்டேட் இறங்கியிருந்தது. ஜி.டி.எஃப். பதினைந்து மட்டும் இறங்கவே இல்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஊருக்காக வந்து கேள்வி கேட்டவரே அவர்தான். "மேடம், இதுலயும் ஏதாவது தப்பு இருக்கும்" என்றேன். டாக்டர் வசுமதி கண்ணாடியைக் கழற்றினார். "நமக்குப் பிடிச்ச மாதிரி வந்ததை நம்பினோம்ல? அதே கையால எடுத்ததுதான் இதுவும். மாத்திரை எதுவும் சாப்பிடுறாரான்னு கேளுங்க." சாப்பிடவில்லை. செல்லம்மாவிடமும் விசாரித்தோம். சிறுநீரகம் நன்றாக இருந்தது. இதய டாக்டரிடம் அனுப்பி ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, இதயம் ரத்தத்தை இறைக்கும் வலு குறைந்திருந்தது தெரிந்தது. மூச்சு வாங்குவதை வயது என்று நினைத்து அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. முதல் முறை எடுத்த கணக்கிலேயே விட்டிருந்தால், ஊரோடு ஊராக அவருக்கும் கருவாட்டு உப்பு என்று எழுதியிருப்போம். ஸ்கேன் வரை யாரும் போயிருக்க மாட்டோம்.

மாத்திரை ஆரம்பித்தார்கள். மகன், தான் சொன்னதே சரி என்று மார்தட்டிக்கொண்டு அவரை லேபுக்குக் கூட்டி வந்தான். "இப்ப நீங்களே சொல்லுங்க மேடம், இவரு கயிறு புடிக்கலாமா?"

டாக்டர் அவனைப் பார்த்துப் பேசவில்லை, சிங்காரவேலுவைப் பார்த்துப் பேசினார். "இதயத்துல கோளாறு இருக்குங்கய்யா. மறைக்கல. முன்னால நின்னு மூச்சுப் பிடிச்சு இழுத்தா ஆபத்து. இதய டாக்டரும் அதைத்தான் சொல்றாரு. ஆனா வீட்ல படுக்கச் சொல்லி அவரும் சொல்லல, நானும் சொல்லல. கயித்துல மூச்சுப் பிடிக்காம செய்யற வேலை ஏதாவது இருக்கா?"

அவர் இரண்டு கையாலும் காற்றில் ஒரு கயிற்றை வட்டமாகச் சுற்றிக் காட்டினார். "வாலு இருக்கு" என்றார். இழுத்த கயிறு பின்னால் வந்து விழுந்துகொண்டே இருக்கும். அதைச் சிக்கில்லாமல் வட்டமாகச் சுற்றிப் போட வரிசையின் கடைசியில் ஒருவர் நிற்க வேண்டும். அடுத்த முறை வலை போகும்போது அந்தச் சுருள் சிக்காமல் பிரிந்தால்தான் ஆயிற்று.

"அது ஒரு வேலையா? வூட்ல கெடங்கப்பா" என்றான் மகன்.

"ஏன்டா, மைக்குல சொன்னப்ப ஒங் காது எங்க போச்சு?" என்றார் சிங்காரவேலு. "கயிறும் தொழில்தான்டா. வாலு கயித்துலதான இருக்கு?"

அவர் அதற்குப் பிறகு பல வருடம் வாலில் நின்றார். நானே போய்ப் பார்த்திருக்கிறேன். டாக்டர் வசுமதியின் பெயர் அந்தக் கட்டுரையில் எங்கோ நடுவில் வந்தது. அடுத்த ஆராய்ச்சிக்கு மையம் எங்களைக் கூப்பிடவில்லை. அவர் அதைப் பற்றி டீ நேரத்தில்கூடப் பேசவில்லை.

இப்போது என் எழுபத்தொன்பதுக்கு வருகிறேன். சரவணன் போனில் இல்லத்தின் வசதிகளைச் சொல்லிக்கொண்டே போனபோது, நித்யா கேட்ட கேள்வியும் நான் சொன்ன பதிலும் எனக்குத் திடீரென்று ஞாபகம் வந்தன. ரிட்டயர்டாம்! விடிந்ததிலிருந்து ஒரு முழு ஆண்பிள்ளையைத் தூக்கி, புரட்டி, குளிப்பாட்டி, தோளில் தாங்கி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ஓடிப்போய்க் கையை நீட்டியவள் நான். எனக்கே அது வேலை என்று தோன்றவில்லை. பச்சைத் தண்ணீர் தொடவில்லை என்ற பெருமை வேறு.

"டேய், எண்ணை நம்புறல்ல?" என்றேன். "சரி, நானும் நம்புறேன். ஆனா முறையா எடுக்கணும். ரெண்டு நாள் நான் எதையும் தூக்காம ஒக்காந்திருக்கணும். நீ கெளம்பி வா. அப்பாவை நீ தூக்கு." லீவு கிடைக்காது என்று ஆரம்பித்தான். "அப்ப இல்லத்தப் பத்திப் பேசாத" என்று போனை வைத்துவிட்டேன்.

வந்தான். முதல் நாள் காலை அப்பாவைத் தூக்கும்போது முதுகைப் பிடித்துக்கொண்டான். கலியபெருமாள் அவனைப் பார்த்து, குழறாமல், "மெதுவா" என்றார். மறுநாள் விரிப்பை மாற்றி முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதுகை நீவிக்கொண்டான். பிறகு, "இத தெனமுமாம்மா செய்றீங்க?" என்றான். நான் அவனுக்குச் சிங்காரவேலுவின் கதையைச் சொன்னேன்.

இன்று காலை அவனே என்னை வண்டியில் கூட்டிப் போனான். அரை மணி நேரம் உட்கார்ந்தேன், கால் ஆட்டவில்லை. நித்யா ரப்பர் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கேள்விகளை முதலிலிருந்து ஆரம்பித்தாள். சர்க்கரை இல்லை, பிரஷர் உண்டு.

"வேலைக்குப் போறீங்க... ஐயோ சாரி மேடம், நீங்க ரிட்டயர்டு" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் சரவணன் சொன்னான். "இல்லங்க. தொழில் உண்டுன்னு போடுங்க. ரெண்டு நாளாத் தொழில் நிறுத்தம், அதையும் சேத்துப் போடுங்க."

முடிவு வர ஒரு வாரம் ஆகும். இறங்கினால் நல்லது. இறங்காவிட்டால் எந்தக் கூரை எரிகிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பேன், மாத்திரை சாப்பிடுவேன், தூக்குவதற்கு ஒரு ஆளை வைத்துக்கொண்டு சோறு ஊட்டுவதை மட்டும் நான் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் என் வீட்டில்தான் இருப்பார். நான் வாலில் நிற்பேன்.